இரண்டாம் சுருள்

சங்கத்துப் படக்கருவியைத் துணி போட்டு மூடி ஸ்டோரில் வைத்துவிட்டார்கள். இனிமேல் வீடியோதான். கேசட்டைத் தள்ளினால் படம் வந்துவிடுகிறது. திரை கட்ட வேண்டாம். மழை வருமா என்று வானத்தைப் பார்க்க வேண்டாம். நல்லதுதான். அந்தக் கருவியைத் தூக்கித் தூக்கி என் வலது தோள் இறங்கிப் போயிருக்கிறது. இனி யார் தோளும் இறங்காது.

சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி அலுவலகத்தில் கேட்டார்கள். என்ன எழுதுவது என்றேன். "அமெரிக்காக் கறுப்பர் படம் காட்டினீங்களாமே அண்ணே, லெட்சுமி அக்கா விஷயம். அத எழுதுங்க லா," என்றார்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். நீட்டி எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நானும் கொஞ்ச காலம் வெட்டினேன். பிறகு லாரி ஓட்டினேன். பிறகு ஈப்போவில் ஒரு தியேட்டரில் வேலை. அங்கே ஒரு சீனர் படம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கண்டனீஸ் தெரியாது. தப்பாக மாட்டினால் புறங்கையில் ஓர் அடி விழும். சரியாக மாட்டினால் ஒன்றும் சொல்ல மாட்டார். அப்படியே கற்றேன். வேன் ஓட்டவும் படம் ஓட்டவும் தெரிந்த ஆள் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் தேடினார்கள். போய்ச் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

அப்போது கிளைச் செயலாளர் சூசை ஐயா. கிறிஸ்தவர். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான், பாதிரிமார் பள்ளியில் ஆங்கிலம் படித்து வெளியே வந்தவர். மெலிந்த ஆள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். குரல் உயராது. யார் எதைக் கேட்டாலும் தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால், "தெரியாது. கேட்டுச் சொல்றேன்" என்பார். கேட்டவன் மறந்திருப்பான். இவர் மறக்காமல் வந்து சொல்வார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டத்து ஆபீசுக்கு அவரோடு போனேன். பழக்கம் விடவில்லை. அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றேன். ஐயா திரும்பிப் பார்த்தார்.

"முத்து, பின்னால நிக்காத. பக்கத்துல வா."

"இங்கயே நிக்கிறேங்க ஐயா."

"நான் பேசுறப்ப அவர் உன் மூஞ்சியையும் பாக்கணும். வா."

பக்கத்தில் போய் நின்றேன்.  துரை ஏதோ சொன்னார். ஐயா, "நோ, சார்" என்றார். சத்தம் இல்லை, கோபம் இல்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோலச் சொன்னார். துரையிடம் ஒரு தமிழர் "இல்லை" என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடி விழும் என்று நினைத்தேன். துரை நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

ஐயாவின் அறைச் சுவரில் மூன்று படங்கள் இருந்தன. நடுவில் ஏசுநாதர். ஒரு பக்கம் சுடப்பட்டு இறந்த அமெரிக்க அதிபர். இன்னொரு பக்கம் அதேபோலச் சுடப்பட்டு இறந்த கறுப்பினப் பாதிரியார். அமெரிக்கச் செய்திகளை ரேடியோவில் தேடிப் பிடித்துக் கேட்பார். அங்கே ஓர் அதிபர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு பதவியை விட்டுப் போன காலம் அது. வேனில் போகும்போதெல்லாம் அதே பேச்சு.

"பெரிய தொரைக்கே போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க முத்து."

"யாருங்க சொன்னது?"

"சட்டம். அதுக்குப் பின்னால சனங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

படம் காட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் மேனேஜரிடம் அனுமதி. வெயில் இறங்கும் முன் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். திடலில் இரண்டு கம்பம் நட்டுத் திரையைக் கட்ட வேண்டும். அது இரட்டையாகத் தைத்த வெள்ளைத் துணி. காற்றுப் பக்கம் பார்த்துக் கட்டினால் பாய்மரம் மாதிரி ஊதிவிடும், படத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வயிறு பெருத்துவிடும். ஜெனரேட்டரை ஸ்டோருக்குப் பின்னால் வைப்பேன், சத்தம் கேட்காது. சுருளை மாட்டும்போது விளக்குக்கு மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம் தளர்வாக விட வேண்டும். வளையம் சிறுத்தால் படம் அறுந்துவிடும். கடன் வாங்கிய சுருள் அறுந்தால் அடுத்த சுருள் கிடைக்காது.

படங்கள் ஆங்கிலத்தில் பேசும். கேட்கிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஐயா திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நிற்பார். அவர் கையைத் தூக்கினால் நான் படத்தின் சத்தத்தை இறக்குவேன். அவர் தமிழில் சொல்வார். கையை இறக்கினால் நான் ஏற்றுவேன். வருடக்கணக்காக இதுதான் எங்கள் இருவருக்கும் பேச்சு.

கோலாலம்பூரில் அமெரிக்கர்கள் நடத்திய ஒரு நூலகத்தில் சுருள்களை இலவசமாகக் கடன் கொடுத்தார்கள். மாடு வளர்ப்பது, பல் துலக்குவது, நிலாவில் மனிதன் இறங்கியது, இப்படி. நிலாப் படத்துக்குக் கூட்டம் அதிகம். "அங்க ஒரு மரம்கூட இல்லியே. அப்ப வெட்டு வேலையும் இல்ல, நிம்மதி," என்று ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. அந்த நூலகத்திலிருந்துதான் கறுப்பர் படமும் வந்தது. இரண்டு சுருள். நான் போனபோது முதல் சுருள்தான் இருந்தது. இரண்டாம் சுருளை வேறு யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். இருப்பதைக் கொண்டு வா என்றார் ஐயா.

லெட்சுமியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தோட்டம் ஈப்போவிலிருந்து தெலுக் இந்தான் போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்தது. அப்போது அந்த ஊருக்குத் தெலுக் அன்சன் என்று பெயர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். லெட்சுமி அங்கே பால் வெட்டினாள். நாற்பது வயதிருக்கும். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள். இந்தியா எப்படி இருக்கும் என்று கேட்டால், "எனக்கு எப்படித் தெரியும், பால் குடிச்சிக்கிட்டு வந்தேன்," என்பாள். சுதந்திரத்துக்குப் பின் பிறந்த மகளிடம் நீல அடையாளக் கார்டு இருந்தது. லெட்சுமியிடம் சிவப்புக் கார்டு. சிவப்பு என்றால் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை. ஓட்டு இல்லை. வேலை செய்யவும் பெர்மிட் வேண்டும். பெர்மிட் கிடைக்காமல் எத்தனையோ பேர் கப்பலேறினார்கள். அவள் புருஷனும் ஏறினான். போய் உங்களையும் அழைத்துக்கொள்கிறேன் என்று போனவனிடமிருந்து பிறகு பேச்சு மூச்சில்லை.

தோட்டத்தை விற்கப் போகிறார்கள், பால்மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை போடப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். புது முதலாளி நீலக் கார்டுக்காரர்களை முதலில் எடுப்பார் என்றார்கள். வேலை போனால் பெர்மிட் போகும், பெர்மிட் போனால் லெட்சுமி போக வேண்டும். மகள் இந்த நாட்டுப் பிள்ளை, இங்கே இருப்பாள். அதுதான் அவள் பயம்.

குடியுரிமைக்கு மனுப் போட்டாள். ஈப்போவில் மலாயில் நேர்முகம். மலாய் அவளுக்கு நன்றாகவே வரும். மீன்காரர் இஸ்மாயிலிடம் அவள் பேரம் பேசினால் அவரே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஆனால் நேர்முகத்தில் தோற்றாள்.

நடந்தது இதுதான். இந்தியாவுக்குத் திரும்பிப் போக விருப்பமா என்று அதிகாரி கேட்டார். "யா, துவான்" என்றாள். ஆமாம் ஐயா என்று அர்த்தம். வேறு நாட்டுக் குடியுரிமை வைத்திருக்கிறாயா? "யா, துவான்." மலாய் தெரியுமா? "யா, துவான்." அந்த ஒன்றுதான் சரியான பதில்.

வெளியே இருப்பவர்கள் சிரிப்பார்கள். தோட்டத்தில் வளர்ந்தவன் சிரிக்க மாட்டான். விடியலில் பெரட்டுக்கு ஆள் கூடும், பேர் கூப்பிடுவார்கள், வேலை பிரிப்பார்கள். துரையோ வேலை வாங்கும் மண்டோரோ எது சொன்னாலும் "சரிங்க தொரை". இல்லை என்று சொன்ன ஆளுக்கு மறுநாள் மலைமேட்டு மரங்களை வெட்டக் கொடுப்பார்கள். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவதற்குள் முட்டி விட்டுவிடும். நாங்கள் எல்லாம் அப்படித்தான் பேசக் கற்றோம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் எங்கள் வாய் தானாகவே ஆமாம் சொல்லும்.

இன்னொரு தடவை மனுப் போடச் சொன்னார் ஐயா. அவள் முடியாது என்றுவிட்டாள். மனுப் போட மறுப்பது மட்டும் அவளுக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் முதல் சுருளைக் காட்டினோம்.

இருட்டத் தொடங்கியதும் படம் ஓடியது. கறுப்பு மனிதர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். வேலைக்குப் போகிற உடுப்பு, கையில் பை. பஸ் காலியாகப் போகிறது. ஐயா கையைத் தூக்கினார். சத்தத்தை இறக்கினேன்.

"பஸ்ஸில் கறுப்பர்கள் பின்னால்தான் உட்கார வேண்டும் என்று அங்கே சட்டம். ஆகவே பஸ்ஸே வேண்டாம் என்று வருடத்துக்கும் மேலே நடக்கிறார்கள்."

"எந்தத் தீம்பாரு சனங்க அண்ணே இது?" என்று முன்னால் இருந்து ஒரு குரல். தீம்பார் என்றால் எங்கள் பேச்சில் தோட்டம்.

"அமெரிக்கா லா," என்றேன்.

"அமெரிக்காவுலயும் பெரட்டுக்கு நடந்துதான் போறாங்களா?"

சிரிப்பு. பிறகு படத்தில் ஒரு ஆபீஸ். வெளியே நீண்ட வரிசை. கறுப்பர்கள் ஓட்டுப் பதிய வந்திருக்கிறார்கள் என்றார் ஐயா. உள்ளே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கிராணி, அதாவது குமாஸ்தா. முன்னால் ஒரு வயதான கறுப்பு அம்மாள், தலையில் தொப்பி, இரண்டு கையாலும் கைப்பையைப் பிடித்திருக்கிறாள். கிராணி ஏதோ காகிதத்தைக் காட்டுகிறார்.

"சட்டப் புத்தகத்தில் ஒரு பகுதியைக் காட்டி இதற்கு விளக்கம் சொல் என்கிறார். அந்த அம்மா சொல்கிறார். கிராணி தப்பு என்கிறார். போய்விட்டு வேறொரு நாள் வா என்கிறார்."

அந்த அம்மாள் கிராணியைப் பார்த்தாள். திரும்பினாள். படியிறங்கினாள். சுருள் முடிந்தது. திரை வெள்ளையாகிவிட்டது.

யாரும் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் இருந்து லெட்சுமி கேட்டாள்.

"ஐயா, அந்த அம்மா மறுபடி போனாளா?"

"ரெண்டாம் சுருள்ல இருக்கும். இன்னும் கைக்கு வரல."

"அவளுக்குக் கெடச்சுதா?"

ஐயாவுக்கு அந்த நாட்டுச் சட்டம் மாறியது தெரியும். கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அந்த அம்மாளுக்குக் கெடச்சுதான்னு எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்றேன்."

மறுவாரம் லெட்சுமி மனுப் போடச் சம்மதித்தாள். என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நேர்முகத்துக்கு முன்னால் பழக்கம் கொடுக்க ஐயா தோட்டத்துக்கு வந்தார். வாசகசாலையில் ஒரு மேசை. ஐயா கழுத்தில் டை கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். வேலை முடிந்த சனங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். லெட்சுமி எதிரில் நின்றாள். ஐயா மலாயில் கேட்டார். இந்தியாவுக்குப் போக விருப்பமா?

"யா, துவான்."

"லெட்சுமி, இல்லன்னு சொல்லணும். திடாக்."

"திடாக் ஐயா. தெரியும்."

"சரி. இந்தியாவுக்குப் போக விருப்பமா?"

"யா, துவான்."

இப்படியே போனது. ஐயாவுக்கே கொஞ்சம் சலித்தது. முகம் மாறாமல், நீ ஓர் எருமை மாடா என்று மலாயில் கேட்டார்.

"யா, துவான்."

ஜன்னலில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மண்டோர் கருப்பையா, "பொய் சொல்ல மாட்டா லா நம்ம லெட்சுமி!" என்றார். லெட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஐயா டையைக் கழற்றினார். வேனுக்கு நடந்தார்.

"அது வேடிக்கைக்குக் கேட்ட கேள்வி முத்து. கேட்டிருக்கக் கூடாது," என்றார் வழியில். மறுநாளே திரும்பிப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்கும் அவள், "சரிங்க ஐயா," என்றாளாம்.

நேர்முகத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது இரண்டாம் சுருள் கிடைத்தது. அதே திடல், அதே துணி. அன்று காற்று இல்லை.

அந்த அம்மாள் திரும்பி வந்தாள். அதே தொப்பி, அதே பை, அதே மேசை. கிராணி நிமிர்ந்து பார்த்தார். ஐயா கையைத் தூக்கினார்.

"உன்னை யாராவது அனுப்பி வைத்தார்களா என்கிறார் கிராணி. இல்லை ஐயா என்கிறார். இப்படி வந்தால் வேலை போய்விடும், வீட்டுக்குத் திரும்பிப் போகிறாயா என்கிறார். இல்லை ஐயா என்கிறார்."

"நிறுத்துங்க அண்ணே!" லெட்சுமியின் குரல். "திருப்பிப் போடுங்க."

என் கருவியில் பின்னோக்கி ஓட்டும் விசை உண்டு. கடன் சுருளை அப்படி ஓட்டக் கூடாது. ஐயாவைப் பார்த்தேன். தலையசைத்தார். விளக்கைக் குறைத்துப் பின்னால் ஓட்டினேன். அந்த அம்மாள் பின்பக்கமாகவே நடந்து கதவுக்கு வெளியே போனாள். சனம் சிரித்தது. முன்னால் ஓட்டினேன். மறுபடி வந்தாள். மேசைக்கு முன்னால் நின்றாள்.

"இன்னொரு தரம்."

மறுபடி வெளியே போனாள், மறுபடி வந்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. இந்தத் தடவை ஐயா கையைத் தூக்கவில்லை. நான் சத்தத்தை முழுக்க ஏற்றினேன். அந்த அம்மாளின் குரல் திடல் முழுக்கக் கேட்டது. "நோ, சார்." கொஞ்சம் விட்டு, "நோ, சார்."

எனக்கு அந்தக் குரல் தெரியும். ஐயா அன்று துரை ஆபீசில் சொன்னதும் இப்படித்தான்.

"சாருன்னும் சொல்றா, இல்லன்னும் சொல்றா," என்றாள் லெட்சுமி பக்கத்தில் இருந்தவளிடம். "மரியாதையும் கொறயல, பாத்தியா? ரெண்டும் ஒரே வாயில வருது."

கடைசியில் அதிபர் வந்தார். சுடப்பட்டவருக்குப் பின் வந்த உயரமான ஆள். பெரிய மேசையில் உட்கார்ந்து புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். ஒரு பேனாவை எடுத்துக் கொஞ்சம் எழுதுகிறார், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கிறார். அடுத்த பேனா. அதையும் கொடுக்கிறார்.

"ஒரு கையெழுத்துக்கு எதுக்கு அண்ணே இத்தன பேனா? மை இல்லியா?"

"ஞாபகமா வச்சுக்கக் குடுக்கிறாரு," என்றார் ஐயா.

மண்டோர் கருப்பையா எழுந்து நின்றார். "பாத்தீங்களா? பெரிய தொரை மனசு வச்சாத்தான் நடக்கும். இதத்தான் நானும் சொல்றேன்."

"சும்மாவா மனசு வச்சாரு மண்டோரே?" என்றாள் லெட்சுமி. "அத்தன பேரு கால் தேய நடந்தப்புறம்தானே வச்சாரு?"

மண்டோருக்குக் கோபம். ஐயாவைப் பார்த்தார். ஐயா மைக்கை வாயில் இருந்து தள்ளி வைத்துக்கொண்டு சொன்னார்.

"அவர் போட்டது நெசமான கையெழுத்துதான். அந்த நன்றிய மறக்கக் கூடாது. ஆனா அந்தச் சட்டம் அவர் மேசைக்குத் தானா வந்து ஒக்காரல."

படம் முடியும்போது அந்த அம்மாள் ஆபீஸ் வாசலில் நின்றாள். சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஏதோ வைத்தாள், மூடினாள், படியிறங்கினாள். ஐயா லெட்சுமி இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார்.

"அவருக்குக் கிடைத்துவிட்டது."

கேட்டுச் சொல்கிறேன் என்றவர், சொல்லிவிட்டார்.

நேர்முகத்தன்று காலை லெட்சுமியை வேனில் ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். ஐயாவும் வந்தார்.  லெட்சுமியின் மடியில் ஒரு கைப்பை. மகளுடையது. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

அவள் உள்ளே போனாள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஐயா சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

வெளியே வந்தவள் நேராக வேனுக்குப் போய் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

"என்ன ஆச்சு லெட்சுமி?"

"இருங்க ஐயா, மூச்சு வாங்கிக்கிறேன்."

பிறகு சொன்னாள். சொங்கோக் தொப்பி போட்ட அதிகாரி, வயதானவர். இந்தியாவுக்குப் போக விருப்பமா என்று கேட்டார். "யா" வரைக்கும் வாயில் வந்துவிட்டதாம். விழுங்கிவிட்டு, "திடாக், துவான்" என்றாளாம்.

"ஒடனே ஏன்னு கேட்டாரு அண்ணே. அத நாம பழகவே இல்லியே! ஐயா, ஏன்னு கேப்பாருன்னு நீங்க சொல்லவே இல்ல."

"தப்புதான். என்ன சொன்ன?"

"எம்மக இங்க இருக்கா, எம்மரம் இங்க இருக்கு, அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது, இங்கன்னா மீன்காரர் இஸ்மாயில்கூடத் தெரியும்னு மலாய்ல சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு."

"அப்புறம்?"

"நான் பைய இறுக்கிப் பிடிச்சிருக்கிறதப் பாத்துட்டாரு. தாக்குட் கான்னு கேட்டாரு. பயமா இருக்கான்னு."

"என்ன சொன்ன?"

"திடாக், துவான்." லெட்சுமி சிரித்துவிட்டாள். "பொய்தான் ஐயா. ஆனா இல்லன்னு சொல்லிட்டேன் பாத்தீங்களா. அவரும் சிரிச்சுட்டாரு."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கையெழுத்துப் போடச் சொன்னாரு. மக சொல்லிக் குடுத்த மாதிரி போட்டேன். போட்டதும் பேனாவத் திருப்பி வாங்கிக்கிட்டாரு," என்றாள். "நம்ம ஊருல பேனாவெல்லாம் குடுக்க மாட்டாங்க போல."

வேனைக் கிளப்பினேன்.

பதில் வர வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் தோட்டம் கைமாறியது. ஒரு பக்கத்துப் பால்மரங்கள் சாய்ந்தன. ஐயா அங்கே இங்கே எழுதிப் பேசி அவள் பெர்மிட்டைக் கொஞ்ச காலத்துக்கு நீட்டி வாங்கினார். அந்தத் தவணையும் முடியப் போகும் நேரத்தில் கடிதம் வந்தது. சத்தியப் பிரமாணம் எடுத்தாள். நீலக் கார்டு வந்தது. புது முதலாளி அவளைச் செம்பனைக் கன்றுக் கொட்டகையில் வேலைக்கு எடுத்தார். மரத்தைவிடக் கன்று லேசு, குனிந்தால் போதும் என்றாள்.

ஐயாவை அப்போது கோலாலம்பூர் தலைமையகத்துக்கு மாற்றியிருந்தார்கள். போன் போட்டேன்.

"ஐயா, அந்த அம்மாளுக்குக் கெடச்சுருச்சு."

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.  "சொன்னதுக்கு நன்றி முத்து," என்றார்.

அடுத்த பொதுத்தேர்தலுக்கு லெட்சுமி ஓட்டுப் பதிந்திருந்தாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில்தான் வாக்குச் சாவடி. வயதானவர்களை ஏற்றி வர நான் வேனோடு போயிருந்தேன். வரிசையில் ஒரே பேச்சு. அமெரிக்காவில் புதிதாக ஓர் அதிபர் வந்திருந்தார். அவர் கடலை பயிரிட்டவர், கறுப்பர்கள் திரண்டு ஓட்டுப் போட்டதால் ஜெயித்தவர் என்று ஐயா சொல்லி நான் அங்கே சொல்லியிருந்தேன்.

"கடலைக்காரரா? நம்ம ஈப்போ புந்தோங்குல கச்சாங் பூத்தேன்னு வறுத்த கடலை விக்கிறாங்களே, அந்த மாதிரியா?"

"வறுக்க மாட்டாரு லா. விளைய வைப்பாரு."

"அப்ப நம்ம புந்தோங்காரருக்கும் ஒரு சான்சு இருக்கு."

லெட்சுமி அந்தப் பேச்சில் சேரவில்லை. மகளின் அந்தக் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முறை வந்தது. உள்ளே போனாள். வெளியே வந்தாள். கைப்பையைத் திறந்து நீலக் கார்டை வைத்தாள், மூடினாள், பள்ளிக்கூடப் படியிறங்கினாள்.

வாசலுக்கு வெளியே மண்டோர் கருப்பையா நின்றிருந்தார். எந்தச் சின்னத்துக்குப் போட வேண்டும் என்று முந்தின நாள் வீடு வீடாகச் சொல்லியிருந்தார். திரும்பி வருகிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் "சரிங்க மண்டோரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"என்ன லெட்சுமி, நான் சொன்னதுக்குத்தானே போட்ட?"

லெட்சுமி நின்றாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"திடாக், துவான்," என்றாள்.

 வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் மண்டோரும் சிரித்துவிட்டார். அவள் வேனில் முன்சீட்டில் ஏறி, "போலாம் அண்ணே," என்றாள்.

உண்மையில் யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. மண்டோர் சொன்னதற்கே போட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.